டிக்கியில் அரிசி, பக்கத்து இருக்கையில் ஐயர்: பெப்ரவரியில் ஹர்டாங்கர்விடா

பின்சில்லால் ஓடுகிற ஸ்போர்ட்ஸ் காரை நோர்வேயின் பனிக்காலத்தில் ஓட்ட முடியுமா என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் எனக்கு எழுதிவிட்டார்கள். அதில் ஒருவர் சென்னையிலிருந்து வேலைக்காக ஒஸ்லோ வந்தவர். "மேடம், ஸ்னோல ரியர் வீல் டிரைவ் எடுத்தா அது பைத்தியக்காரத்தனமா?" என்று நேராகவே கேட்டிருந்தார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நான்கு பனிக்காலமாக நான் அந்தப் பைத்தியத்தோடுதான் ஒஸ்லோவின் ஓரத்துக் குரோருட்டிலிருந்து வேலைக்குப் போய் வருகிறேன். இன்னும் ஒரு மதிலிலும் முட்டவில்லை. (பனிக்குவியலில் முட்டியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.) மூவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, 2007 பெப்ரவரியில் அந்தக் காரில் ஹர்டாங்கர்விடா மலைமேட்டைக் கடந்த கதையை எழுதுகிறேன். வேண்டிய பதிலெல்லாம் அதற்குள் இருக்கிறது.

முதலில் கார். சிவப்பு நிறம், ஜப்பான் தயாரிப்பு, இரண்டே இருக்கை, துணிக் கூரை. பழைய காராகத்தான் வாங்கினேன். வாங்கிய புதிதில் "நாலு சனத்தை ஏத்தேலாத கார் என்னத்துக்கு?" என்று கேட்காத தமிழ் வீடு குரோருட்டில் இல்லை. நாலு சனத்தை ஏற்ற முடியாது என்பதுதான் அதன் முதல் அழகு என்று நான் சொல்வதில்லை. கோடையில் அது தங்கம். பனி விழுந்ததும் குணம் மாறிவிடும். முன்பக்கம் கனம், பின்பக்கம் பஞ்சு. இழுவை முழுவதும் பின்சில்லுக்கு. பனிமேல் கொஞ்சம் வேகமாக மிதித்தால் பின்பக்கம் தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிடும்.

இதற்கு நோர்வேக்காரர்கள் செய்கிற வைத்தியம், டிக்கியில் மணல் மூட்டை போடுவது. நான் அரிசி மூட்டை போடுகிறேன். மணலைச் சித்திரையில் கொட்டவேண்டும், அரிசியைச் சமைக்கலாம். கார்த்திகை பிறந்ததும் இருபது கிலோ மூட்டை மூன்று வாங்கி, பின் அச்சுக்கு மேலே வரும்படி டிக்கியில் அடுக்கிவிடுவேன். வீட்டில் அரிசி முடிந்தால் என் கணவர் சுளகோடு கார் நிறுத்துமிடத்துக்குப் போவார். "ஊரிலை குசினிக்கை அரிசி இருக்கும், எங்கடை வீட்டிலை கராஜுக்கை" என்று எல்லாருக்கும் சொல்லித் திரிவார்.

இனிப் பயணத்தின் காரணம். கலாவும் நானும் ஒரே வருடம் நோர்வே வந்தவர்கள். மொழி படித்த பள்ளியில் ஒரே அறையில் இருந்தோம். கலியாணத்துக்குப் பிறகு அவள் ஐட்ஃபியூருக்குப் போய்விட்டாள். மலைமேட்டுக்கு அந்தப் பக்கம், கடல்நீர் உள்ளே நுழைந்து வந்து முடிகிற இடத்தில் இருக்கிற சின்ன ஊர். கணவர் சிவம் அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அந்த ஊரில் அவர்கள் ஒரே தமிழ்க் குடும்பம். தை மாதம் சிவத்தின் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். போரால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது, போக வழியே இல்லை. ஒரே மகன் இங்கே இருக்க, அங்கே கொள்ளி வைத்தது அக்காவின் மகன். நாலைந்து நாள் கழித்து சிவம், "முப்பத்தொண்டையாவது நான் செய்யவேணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, இறந்தவருக்குச் செய்கிற நிறைவுச் சடங்கு. அதைச் செய்விக்க ஒஸ்லோவிலிருந்து ஐயர் வரவேண்டும். அது சனிக்கிழமை காலையில் விழுந்தது. ஐயரை வெள்ளிக்கிழமை தன் ஜீப்பில் கூட்டிப் போவதாகச் சொன்னவருக்கு வியாழன் மாலை கடும் காய்ச்சல். கலா எனக்குப் போன் எடுத்தாள். "சுதா, உன்ரை காரிலை ஒரு சீற் சும்மாதானே இருக்கு?" என்றாள். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டு மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளி காலை 6.30க்கு ஐயரை ஏற்றினேன். ஐயருக்கு முப்பது வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயது குறைவு. நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இதில் எங்கள் இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. வேட்டிக்குள் தடித்த கம்பளிக் காற்சட்டை, மேலே மலையேறுகிறவர்கள் போடுகிற கோட்டு. செம்பு, தர்ப்பை, எள்ளு எல்லாம் காலடியில். வாழையிலைக் கட்டை மட்டும் டிக்கியில் வைக்க விடவில்லை. குளிரில் கறுத்துப் போய்விடும் என்று கோட்டுக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அக்கா, இது கார் தானோ? படுத்துக்கொண்டு போறமாதிரிக் கிடக்கு."

"இருபது கிலோமீற்றர் போக முதுகுக்குப் பழகிவிடும் ஐயா."

"எவ்வளவு வேகம் ஓடும்?"

"இண்டைக்கு ஓடாது" என்றேன். ஐயரின் முகம் கொஞ்சம் வாடிப்போனது.

ஒஸ்லோவிலிருந்து ஹொனெஃபோஸ் வழியாக ஏழாம் இலக்கப் பாதை. உப்புப் போட்ட தார், நல்ல ஓட்டம். ஹொனெஃபோஸில் கோப்பிக்கு மட்டும் நின்றோம், இரண்டு கோப்பி 36 குரோனர். அதற்குப் பிறகு வெள்ளைப் பாதை, அதாவது இறுகிய பனிமேல் ஓட்டம். டிக்கியில் அறுபது கிலோ இருந்ததால் கார் சொன்னபடி கேட்டது. என் மீற்றரில் 188 கிலோமீற்றர் காட்டியபோது கோல் வந்தது. நேரம் பத்தே கால்.

கோலில் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் கலா சொல்லி வைத்திருந்தாள். ஐயர் பெற்றோல் நிலையத்துச் சாப்பாடு சாப்பிடமாட்டார். வசந்தி என்கிற அந்தப் பெண்ணை நான் முன்பின் பார்த்ததில்லை. விடிய எழும்பி, சுத்தமாக மரக்கறி சமைத்து, கத்தரிக்காய்ப் பொரியலும் பருப்பும் சொதியும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர்கள் வீட்டுக்கு ஐயர் ஒருவர் வந்து மூன்று வருடமாம். பிள்ளைகள் குளித்துத் திருநீறு பூசி வரிசையாக நின்றார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது, நான் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு பிஸ்கட் பெட்டிகூட இல்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போவதா? முகம் சுட்டது. ஓடிப்போய் டிக்கியைத் திறந்து ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வந்தேன். வசந்தி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள். எங்கள் அரிசி அங்கே கடையில் கிடைக்காதாம்.

"என்னக்கா இது, எங்களுக்கெண்டே கொண்டு வந்தனீங்களோ?"

"ஓம், வேறை ஆருக்கு?" என்றேன் கூசாமல்.

அந்த நேரம் பார்த்து, கீழ்மாடியில் இருக்கிற அவளுடைய மச்சாள் ஐயரைக் கும்பிட வந்தாள். ஒருத்திக்குக் கொடுத்து மற்றவளை வெறுமனே அனுப்பலாமா? இரண்டாவது மூட்டை. பிறகு அகதி முகாமில் இருக்கிற பெடியள் நாலு பேர் கேள்விப்பட்டு வந்தார்கள். நான் வாய் திறக்க முன்னமே ஐயர், "அக்கா, இன்னுமொண்டு கிடக்கெல்லே" என்று சிரித்தபடி சொன்னார். மூன்றாவதும் போனது. பெடியளில் ஒருவன் அந்த மூட்டையைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போனான். பதினொன்றரைக்குப் புறப்படும்போது மனம் நிறைந்திருந்தது. மனம் மட்டும்.

கோல் தாண்டியதும் பின்பக்கம் லேசாக ஆடியது. காற்று என்று நினைத்தேன். இருபது கிலோமீற்றர் தாண்டி ஒரு வளைவில், நான் வேக மிதியிலிருந்து காலை எடுத்த கணம் பின்பக்கம் வெளியே வந்துவிட்டது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தேன், பிடித்தது, பிறகு மற்றப் பக்கம் சுழன்று மெத்தென்று பனிக்குவியலில் போய் நின்றது. நல்ல காலம், எதிரே ஒன்றும் வரவில்லை.

ஐயர் வாழையிலையைக் கட்டிப்பிடித்தபடி முன்னால் பார்த்தார். "அக்கா," என்றார் மெதுவாக, "கார் வந்த பக்கம் பாக்குது."

உண்மைதான். கார் கோலைப் பார்த்து நின்றது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. காரின் கால்களைக் கழற்றி ஊருக்குத் தானம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஐயா, அந்த அரிசி பாரத்துக்குப் போட்டது."

"அய்யோ! முந்தியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

யோசித்தார். "சொல்லியிருந்தாலும் குடுத்திருப்பம்" என்றார். "இனிப் போய்த் திருப்பிக் கேக்கேலாது."

கேட்கத்தான் முடியுமா? பின்னால் வந்த ஒரு வான் வண்டியின் உதவியோடு காரை வெளியே எடுத்து, ஊர்ந்து ஊர்ந்து போனோம். வழியில் மணல் வாங்கலாம் என்றிருந்தேன். அந்த நேரம் கலாவின் போன். மேலே காற்று கூடுகிறது, மூன்று மணிக்குப் போகிற தொடர்தான் கடைசி, பிறகு பாதையைப் பூட்டிவிடுவார்கள், எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. தொடர் என்றால் இதுதான்: புயல் நாளில் மலைமேட்டுப் பாதையில் தனியாக ஓட விடமாட்டார்கள். தடைக்கட்டையில் எல்லாரும் காத்திருந்து, பனி வழிக்கிற லொறி முன்னே போக அதன் பின்னால் வரிசையாகப் போகவேண்டும். அதைத் தவறவிட்டால் சனிக்கிழமையும் தவறிவிடும். மணலை மறந்துவிட்டு ஓட்டினேன்.

ஹௌகாஸ்தோல் தடைக்கட்டைக்கு 2.35க்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் ஒன்பது வாகனம். பனி லொறிச் சாரதி ஒவ்வொரு வாகனமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எத்தனை பேர், பெற்றோல் பாதிக்கு மேல் இருக்கிறதா, கனத்த உடுப்பு, மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்பார். எங்களிடம் எல்லாம் இருந்தது. சில்லுகளின் ரயரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு டிக்கிமேல் ஒரு கையை வைத்து அமுக்கினார். கார் தொட்டில் மாதிரி ஆடியது.

"பின்சில்லா?" என்றார். ஓம் என்றேன். "உள்ளே என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை."

"ஒன்றும் போடாமலா ஒஸ்லோவிலிருந்து வந்தாய்?"

"அறுபது கிலோ அரிசி போட்டிருந்தேன். கோலில் கொடுத்துவிட்டேன்."

"விற்றாயா?"

"இல்லை, சும்மா கொடுத்தேன். சாப்பாடு தந்தார்கள்."

டிக்கியிலிருந்து கையை எடுத்தார். "உன்னை விட முடியாது" என்றார். கோபம் இல்லை, ஆனால் முடிவான பேச்சு. "மேலே ஏற்றத்தில் நீ நின்றால் உனக்குப் பின்னால் வருகிற எல்லாரும் நிற்பார்கள். அந்தக் காற்றில் ஒருவரும் நிற்கக் கூடாது."

அவர் சொன்னது நியாயம். இருந்தும் விட மனமில்லை. சிவத்தின் கதையைச் சொன்னேன். அம்மா இறந்தது, போக முடியாதது, நாளைக் காலை, இவர்தான் அதைச் செய்யவேண்டியவர் என்று. அவர் குனிந்து ஐயரைப் பார்த்தார். உருத்திராட்சமும் திருநீறும், கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற வாழையிலையும். ஐயருக்கு நாங்கள் பேசிய நோர்வேஜியன் பாதிதான் விளங்கியிருந்தது.

"என்னவாம் அக்கா?"

"பின்னுக்குப் பாரம் காணாதாம். விடமாட்டாராம்."

ஐயர் உடனே கதவைத் திறந்தார். "நான் தொண்ணூறு கிலோ. டிக்கிக்கை இருக்கிறன். கேளுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. அது சட்டப்படி முடியாது என்று மரியாதையாக ஐயருக்கே பதில் சொன்னார். பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு, முன்னால் நின்ற வாகனங்களின் கண்ணாடியை ஒவ்வொன்றாகத் தட்டி, விஷயத்தைச் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த கால் மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். காருக்குப் பின்னால் இழுவைப் பெட்டி பூட்டியிருந்த ஒரு கிழவர் மூன்று மூட்டை பூர்ச்ச விறகைத் தோளில் போட்டுக்கொண்டு காற்றுக்கு எதிராக நடந்து வந்தார். ஒரு பெண் ஆட்டுத்தீவன மூட்டையைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்து வந்தாள். அதிகம் கேள்வி கேட்கவில்லை, இரக்கமாகவும் பார்க்கவில்லை. "அச்சுக்கு மேலே வை" என்று மட்டும் சொன்னார்கள். சாரதி மறுபடி டிக்கியை அமுக்கினார். இந்த முறை அசையவில்லை. "எனக்கு நேர் பின்னால் வா" என்றார். எங்களால் தொடர் பத்து நிமிடம் பிந்தியது. ஒருவர்கூட ஹோர்ன் அடிக்கவில்லை.

மலைமேட்டைப் பற்றி வர்ணிக்க என்னிடம் அதிகம் இல்லை, ஏனென்றால் ஒன்றும் தெரியவில்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளை. முன்னால் சுழலும் ஒரு மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான். இரண்டாவது கியர், காலை ஒரே அளவில் வைத்து மணிக்கு முப்பது. பாதையின் உச்சி கிட்டத்தட்ட 1250 மீற்றர். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஏற்றத்தில் லொறி வேகம் குறைத்தது. நானும் குறைத்தேன். பின்சில்லு வெறுமனே சுழல்கிற சத்தம் கேட்டது. கார் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. இங்கே நின்றால் எல்லாம் முடிந்தது. ஐயர் கண்ணை மூடித் தேவாரம் பாடத் தொடங்கினார், நல்ல கணீர்க் குரல். நடுவில் நிறுத்தி, "அக்கா, நான் பாடுறது உங்களுக்குக் குழப்பமோ?" என்று கேட்டார்.

"ஐயா, நிப்பாட்டாதேங்கோ!" என்று கத்தினேன்.

அந்தத் தாளத்துக்குக் காலை லேசாக எடுத்தும் வைத்தும் பார்த்தேன். விறகும் ஆட்டுத்தீவனமும் பின்னால் இருந்து அமுக்கின. சில்லு எதையோ கவ்வியது. ஏறிவிட்டோம். ஐயர் அந்தப் பதிகத்தை முடித்த பிறகுதான் கண் திறந்தார்.

67 கிலோமீற்றருக்கு ஒரு மணியும் ஐம்பது நிமிடமும் எடுத்தது. பள்ளத்தாக்கின் சுரங்கப் பாதைகளில் சுற்றிச் சுற்றி இறங்கி ஐந்து மணிக்கு ஐட்ஃபியூர். அங்கே பெற்றோல் நிலையத்தில் பாரங்களைத் திருப்பிக் கொடுத்தேன். விறகுக் கிழவர் ஒரு மூட்டையை எடுக்காமல் விட்டார். "அந்த வீட்டுக்குக் கொடு, ஆட்கள் வருவார்கள், குளிரும்" என்றார். அவருடைய பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. இதை அவர் வாசிக்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தும் நன்றி சொல்லிவிடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. குரோருட்டிலிருந்து ஐட்ஃபியூர் என் மீற்றரில் 331 கிலோமீற்றர், பெற்றோல் 350 குரோனர் அளவில். கோடையில் ஐந்து மணி நேரம், பெப்ரவரியில் ஒரு முழுப் பகல் என்று வையுங்கள். புறப்பட முன்னும் வழியிலும் பாதைத் தகவலைப் போனில் கேளுங்கள். பின்சில்லுக் கார் என்றால் இரண்டாவது கியரில் எடுங்கள், வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். டிக்கியில் பாரம் போடுங்கள், அசையாமல் கட்டுங்கள். முக்கியமாக, தமிழ் வீடுகளுக்கு என்று தனியாக ஏதாவது வாங்கி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாரத்தைத்தான் கொடுப்பீர்கள், எனக்கு நம்மவர்களைத் தெரியும். சென்னை நண்பருக்கு: வாங்குங்கள். ஆனால் மலைக்கு முதல் தடவை தனியாகப் போகாதீர்கள்.

சனிக்கிழமை காலை காற்று அடங்கிவிட்டது. அந்த ஊர்க் கடல்நீர் உறைவதில்லை. ஆனால் வெளியே மைனஸ் ஆறு. வாழையிலை பச்சையாகவே இருந்தது. சிவம் வெறும் மேலோடு, வேட்டியோடு கரையில் இருந்து, ஐயர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் செய்தார். ஐயருக்குப் பல் கிடுகிடுத்தது, ஆனால் ஒரு மந்திரத்தையும் சுருக்கவில்லை. ஹோட்டலில் சிவத்தோடு வேலை செய்கிற இரண்டு நோர்வேக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். முடிவில் சிவம் தண்ணீருக்குள் இறங்கி மூன்று முறை முழுகி எழுந்தார். கலா போர்வையோடு ஓடினாள்.

வீட்டுக்கு வந்து, தலை துவட்ட முன்னமே, யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தார். ஏழெட்டுத் தடவை முயன்ற பிறகு அக்கா கிடைத்தார். நாங்கள் எல்லாரும் அதே அறையில்தான் இருந்தோம்.

"அக்கா, முடிஞ்சுது" என்றார் சிவம். "நான்தான் செய்தனான்."

போனின் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது.

"தண்ணி சரியான குளிரே தம்பி?"

"ஓம் அக்கா. சரியான குளிர்" என்றார். அந்த முப்பத்தொரு நாளும் அழாத மனிதர் அப்போதுதான் அழத் தொடங்கினார். அந்தப் பக்கமும் அழுகை. இருவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, போனையும் வைக்கவில்லை.